பள்ளிக்கூடத்திலும் ஒரு துரைத்தனமோ?

அதிகாரக் கொடுமையென்பது துரைமார் பங்களாவில் மட்டுமே குடியிருந்ததென்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். நம் பிள்ளைகள் எழுத்தறியும் பள்ளிக்கூடத்திலும் அது பாய் விரித்துப் படுத்திருந்தது. இன்றும் முற்றாக எழுந்து போய்விடவில்லை என்பதே நமது வாதமாகும்.

இப்பினாங்கு நகரில் 1816-ஆம் ஆண்டிலேயே பிரீ ஸ்கூல் திறக்கப்பட்டது. ஆனால் கடலுக்கு அக்கரையில், செபராங் பிறைத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவனின் பிள்ளைக்குக் கிடைத்ததென்ன? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகை எழுந்தது, சட்டத்தின் வாயும் அடைபட்டது. பல தோட்டங்களில் பாடஞ் சொன்னவர்கள் கிராணியும், கங்காணியும், நாலெழுத்தறிந்த தொழிலாளியுமே. சம்பளங் கொடுப்பவனும் துரை, வேலையினின்று நீக்குபவனும் துரை என்றிருக்க, "உன் தகப்பன் கூலியைக் கணக்குப் பார்" என்று எந்த வாத்தியார் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்?

இதைப் படித்தவர் கேட்குமுன் பாட்டாளியே கேட்டான். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது கூலி உயர்வை மட்டுமா கோரினர்? பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடை மூடப்பட வேண்டும். பெண்களிடம் தகாது நடப்பது ஒழிய வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் தொலைய வேண்டும் என்றனர். கல்வியையும் மானத்தையும் ஒரே மூச்சிற் கேட்ட அறிவை என்னென்போம்! பதிலாகப் படை வந்தது, உயிர்கள் பலியாயின. முன்னின்ற ஆர்.எச். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

வெள்ளைக்காரன் ஆட்சி 1957-இல் நீங்கியது. இன்று பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆயினும் நம்மவர் ஒருவர் பள்ளி வாரியப் பதவியைப் பரம்பரைக் காணிபோற் பிடித்துக்கொண்டு, பொதுப்பணத்தின் கணக்கைக் கேட்ட பெற்றோரைப் "படிக்காத நீ யார்?" என்று அதட்டுவாராயின், அவர் கங்காணியன்றி வேறு யார்? நிறம் மாறினால் கொடுமை தர்மமாகிவிடுமோ?

"நாம் கேட்டால் பிள்ளைமேல் பழிதீர்ப்பார்களே" என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சமே அதிகாரத்தின் முதல். தனியொருவன் கேட்டால் பழி வரலாம். நாற்பது பெற்றோர் எழுந்து கேட்டால் யாரைப் பழிப்பார்?

ஆகவே தோழர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுங்கள். வரவுசெலவைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். பதவிக்குக் கால வரையறை கேளுங்கள். குறை சொன்னவரின் பிள்ளை வகுப்பில் துன்புறுத்தப்படாதென்று எழுத்திற் பெறுங்கள். நல்லாசிரியர் இதற்கு அஞ்சார்; அவருக்கு இதுவே பாதுகாப்பு. பள்ளிக்கூடம் எவனும் இட்ட பிச்சையன்று; பாட்டாளி உயிர் கொடுத்துக் கேட்ட உரிமை. உரிமையுடையவன் கைகட்டி நிற்பதேன்?