காவலாளியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் கிடைக்கும் இலவச அறிவுரை ஒன்று உண்டு. "இன்டர்நெட் வரவில்லையா? செக்யூரிட்டியை ஆஃப் செய்து பார்!" நானும் அதைக் கேட்டு நடந்தவன்தான்.

கல்லூரி ஹாஸ்டலில் வை-ஃபை இணைப்புக்கு ஒரு சர்டிஃபிகேட் ஃபைல் தந்தார்கள். என் லேப்டாப்பில் ஃபெடோரா லினக்ஸ். ஃபைலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்து இணைக்க முயன்றேன். திரும்பத் திரும்ப பாஸ்வேர்டைக் கேட்டதே தவிர, இணைப்பு கிடைக்கவில்லை. சீனியர் ஒருவர் வந்து எஸ்இலினக்ஸை நிறுத்தினார். உடனே கிடைத்தது. மறுநாளே அதை நிரந்தரமாக முடக்கிவிட்டேன்.

எஸ்இலினக்ஸ் என்பது என்ன? சாதாரண லினக்ஸில் 'ரூட்' அதிகாரத்துடன் இயங்கும் புரோகிராம் எதையும் செய்யலாம். எஸ்இலினக்ஸ் அதற்கும் எல்லை போடுகிறது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஃபைலுக்கும் ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் எதைத் தொடலாம் என்பதைப் பாலிசி முடிவு செய்யும். கேஸ் சிலிண்டர் போட வருபவர் சமையலறை வரை வரலாம். பீரோவைத் திறக்கக் கூடாது. அதுபோலத்தான். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2000-ல் வெளியிட்ட இது, 2003-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. உபுண்டுவில் இதே வேலையை ஆப்ஆர்மர் செய்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் 2014-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்து எஸ்இலினக்ஸ் முழுமையாகக் காவல் காக்கிறது.

நெட்வொர்க்கை அமைக்கும் புரோகிராம்களுக்கு இந்தக் காவல் மிக அவசியம். ஏனென்றால் அவை பெரும்பாலும் ரூட் அதிகாரத்தில் இயங்குகின்றன. அதோடு, முன்பின் தெரியாத கம்ப்யூட்டர்களிடமும் பேசுகின்றன. வை-ஃபையில் இணைந்ததும் "எனக்கு ஒரு ஐபி முகவரி கொடு" என்று உங்கள் கம்ப்யூட்டர் கேட்கும். பதில் சொல்வது யார் என்று அது விசாரிப்பதில்லை.

2018 மே மாதம் இந்த ஆபத்து நேரிலேயே தெரிந்தது. ரெட் ஹேட், ஃபெடோரா லினக்ஸ்களில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவர் பொய்யான பதில் அனுப்பினால், உங்கள் கம்ப்யூட்டரில் ரூட் அதிகாரத்துடன் கட்டளைகளை இயக்க முடியும்! படித்ததும் எனக்கு வியர்த்தது. நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் ஹாஸ்டல் நெட்வொர்க். காவலாளியே இல்லாத என் லேப்டாப். அதற்குள் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்.

ஓட்டையை அடைப்பது அப்டேட்தான். பாலிசி அதற்கு மாற்று அல்ல. புகுந்தவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது போடும் வேலி. வேலி எவ்வளவு காக்கும் என்பது பாலிசி எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்தது. வேலியே இல்லையென்றால் எதுவும் காக்காது.

என் பிரச்சினைக்குத் தீர்வு என்ன தெரியுமா? ஹோம் ஃபோல்டரில் 'டாட் செர்ட்' என்ற ஃபோல்டர் உருவாக்கி, சர்டிஃபிகேட்டை அதில் காப்பி செய்து, 'ரெஸ்டோர்கான்' கட்டளையால் லேபிளைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு நிமிட வேலை! அதற்காக முழுக் காவலையும் தூக்கி எறிந்திருந்தேன்.

தவறு புதியவர்களுடையது மட்டும் அல்ல. தடுத்தது எஸ்இலினக்ஸ் என்று சொல்லாமல் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டிருந்தால் யார்தான் கண்டுபிடிப்பார்கள்? புரோகிராம் எழுதும் எங்களைப் போன்றவர்கள் இதைத் திருத்த வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். யாராவது "ஆஃப் செய்" என்றால், "எதைத் தடுக்கிறது, ஏன்?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் உங்கள் கீபோர்டைக் கொடுக்காதீர்கள்.