வேறொரு காந்தளூர்

சுஜாதா ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’ எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மூணாறு, மறையூர்ப் பக்கத்து வாசகர்களான எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் ஊர்ப்பெயர். மறையூரிலிருந்து மேலே ஏறினால் காந்தளூர். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற, மாலையானால் மூடுபனி இறங்கிவிடுகிற ஊர். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர் இதுதான் என்று எங்களில் பாதிப்பேர் சத்தியம் செய்யத் தயாராக இருந்தோம். சுஜாதா கடைசியில் நம் மலைக்கு வந்துவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

அவர் வரவில்லை. மெய்க்கீர்த்தி சொல்லும் காந்தளூர்ச் சாலை திருவனந்தபுரத்தில் இன்றைய வலியசாலைப் பக்கம் இருந்தது என்பதுதான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. அங்கே ராஜராஜன் ‘கலம் அறுத்தது’ என்றால் கப்பல்களை அழித்ததா, சாலையில் படித்தவர்களுக்கு நடந்த சோற்றுக்கு வரம்பு கட்டியதா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் அதில் எங்கள் பூண்டு வயலுக்கு இடமில்லை.

அன்று தொடங்கிய சண்டை பல மாதம் ஓய்ந்தபாடில்லை. கல்கியிலும் சாண்டில்யனிலும் ஊறியவர்கள், ‘இது சரித்திரக் கதையே இல்லை, தன் துப்பறியும் கதைகளின் கணேஷையும் வசந்தையும் கூட்டிவந்து வேட்டி கட்டிவிட்டிருக்கிறார்’ என்றார்கள். நாவலில் வசந்தகுமாரனுக்கு ஆசானாக வருபவர் கணேச பட்டர் என்பதால் அந்தக் குற்றச்சாட்டு நன்றாக எடுபட்டது. இளவட்டங்கள், ‘பக்கம் பக்கமாக வர்ணனை இல்லாமல், ஓடுகிற குதிரை மாதிரி இருக்கிறது; இப்படித்தான் எழுத வேண்டும்’ என்றார்கள். இன்னும் சிலருக்குக் கதை முடிந்த மாதிரியே இல்லை என்ற குறை. மறையூர்க்காரர் ஒருவர் மட்டும் காந்தளூர் வேறு ஊர் என்று தெரிந்த அன்றே புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி. ஏறக்குறைய இருபது பேர் அதைப் பற்றிக் கருத்துச் சொன்னோம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் நான்கு பேர். இரண்டாவது பிரதி வாங்க ஒருவர் கையும் சட்டைப் பைக்குப் போகவில்லை.

அந்த இருபது பேரில் நானும் ஒருவன். எங்கள் எல்லோருடைய பிழையையும் என் பிழையோடு சேர்த்து எழுதிவைக்கிறேன்.

வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது புதிதில்லை. 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் முடிந்தபோது, இப்படித் திடுதிப்பென்று முடிக்கலாமா, அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதி அவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த டிசம்பர் 5ஆம் தேதி அவர் மறைந்தார். எங்களுக்கு முந்தைய தலைமுறையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் அந்தத் தொடரின் பைண்டு வால்யூம் இருந்தது. பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் அட்டை ஒட்டியது. வந்தியத்தேவன் எந்தக் கோட்டையில் எந்தச் சுரங்க வழியாக இறங்கினான் என்று அதைப் படித்த பெரியவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள்.

அதே 1954 ஜூலையில் மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் மற்றத் தலைவர்களும் மூணாறில் தடையை மீறிக் கைதானார்கள். தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்ற கேள்வி இந்த மலைத் தெருக்களில் நடந்து போனது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நாங்கள் கேரளத்தில் இருந்தோம். கொழுந்துக் கூடையைத் தோளில் சுமந்தபடி அந்த ஊர்வலங்களைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோழ வம்சத்தின் பட்டத்து வரிசை எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் தாத்தா எந்த ஆண்டு எந்தக் கங்காணியின் பின்னால் இந்த மலை ஏறினார் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டோம்.

என் பங்கைச் சொல்கிறேன். எண்பதுகளில் குமுதத்தில் சுஜாதாவின் ‘ரத்தம் ஒரே நிறம்’ ஓடிக்கொண்டிருந்தது. முன்பு ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற பெயரில் தொடங்கி, எதிர்ப்பு கிளம்பியதால் சில வாரங்களில் நின்றுபோய், பிறகு புதுப் பெயரோடு திரும்பி வந்த கதை அது. 1857 கலகம், முத்துக்குமரன், வெள்ளைக்காரப் பெண் எமிலி. எங்கள் லயத்தில் ஒரு குமுதம் ஏழு வீடு சுற்றும். என் முறை வெள்ளிக்கிழமை ராத்திரி. அடுப்படியில் அப்பத்தா குளிருக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். நான் சிம்னி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ராத்திரி, என்ன நினைத்ததோ, அப்பத்தா தானாகவே சொல்லத் தொடங்கியது. “தொண்ணூத்தொம்போதாம் வருசத்து வெள்ளத்துக்கு முன்னால இங்க ரயிலு ஓடுச்சுய்யா. குண்டளைக்கு. எங்க சின்னாத்தா ஒருத்தி, ரயிலுக்குக் கரி அள்ளிப் போடுற பயலுக்கு யாருக்கும் தெரியாம சோறு கட்டிக்கிட்டுப் போவா. வெள்ளம் வந்த அன்னைக்கும்…”

“இருங்க அப்பத்தா, இந்த வாரம் முக்கியமான கட்டம்” என்றேன்.

“படிய்யா, படி” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கதையை அது எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

பின்னாளில் புத்தகங்களைப் புரட்டியபோது விவரங்கள் கிடைத்தன. கொல்லம் ஆண்டு 1099 என்றால் 1924. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை குறுகிய தண்டவாளத்தில் ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியில் போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. ரயில் திரும்ப ஓடவே இல்லை. ரயிலின் கதை இவ்வளவும் கிடைத்தது. சின்னாத்தாவின் கதை கிடைக்கவில்லை. அவள் பெயர் என்ன, அன்றைக்குச் சோற்றுத்தூக்கோடு போனாளா, அவன் பிழைத்தானா? முத்துக்குமரனும் எமிலியும் என்ன ஆனார்கள் என்பதை இன்றைக்கு வேண்டுமானாலும் கடையில் வாங்கிப் படிக்கலாம்.

எங்கள் வாசகர் கூட்டத்தில் இதை ஒருமுறை மனம்விட்டுச் சொன்னேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் பாதியில் நின்றுபோன கதை ஒன்றைச் சொன்னார்கள்.

மூணாறில் சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்கு மேலே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. 1894 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, காலராவில் இறந்த எலினார் நைட் என்ற இளம் மனைவியின் கல்லறைதான் அங்கே முதலாவது. தேவாலயம் அதற்குப் பிறகு 1910இல்தான் எழுந்தது. அவளுடைய காதல் கதை மூணாறு வருகிற ஒவ்வொரு சுற்றுலாப் பயணிக்கும் சொல்லப்படுகிறது. சொல்லட்டும், வாழ வேண்டிய வயதில் போன பெண், துக்கம் துக்கம்தான். எங்களில் ஜீப் ஓட்டுகிறவர்களும் வழிகாட்டிகளும் அதைத் தேதியோடு, உருக்கமாகச் சொல்வோம். கீழ்நாட்டிலிருந்து நடந்தே மலையேறி, அதே காலராவிலும் காய்ச்சலிலும் செத்து, செடிக்கு நடுவில் புதைந்தவர்களைப் பற்றி அந்தப் பயணி கேட்டால் எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை. கம்பெனி எழுதி வைக்கவில்லை என்று கோபப்படுகிறோம். நாங்களாவது எழுதி வைத்தோமா?

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஊர்களைக் கொண்டது அஞ்சுநாடு. முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். பாறை மேல் கல்பலகைகளை நிறுத்தி மூடிய முனியறைகள் வரிசையாக நிற்கின்றன. ஓடி வந்த குடிகள், சந்தனக் காடு, பெருங்கற்காலத்து அறைகள்: ஒரு சரித்திரக் காதல் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் காந்தளூரை ஏன் எழுதவில்லை என்று சுஜாதாவைக் குற்றம் சொன்ன எங்களில் ஒருவரும், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காந்தளூர் ஏறியதில்லை. ஜீப்பில் போனோம், வெல்லம் வாங்கினோம், வந்தோம்.

மங்கலதேவிக்கும் அப்படித்தான் போகிறோம். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் அனுமதி. கோயில் யாருடைய மண் என்று எல்லையின் இரண்டு பக்கமும் வாதாடுகிறோம். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டமே மலைக்குறவர் வாய்மொழியில்தான் தொடங்குகிறது. வேங்கை மரத்தடியில் நின்ற பெண்ணைக் கண்டு அரசனுக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். இடுக்கியின் மன்னான் மக்கள் கோவலன் கண்ணகி கதையை இன்றும் கூத்தாக ஆடுகிறார்கள். எங்கள் வாசகர் கூட்டம் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர்களுடைய கோவில்மலைக்குப் போய் அந்தக் கூத்தைப் பார்த்ததில்லை. கண்ணகியைப் பற்றிப் பட்டிமன்றம் மட்டும் நான்கு நடத்தினோம்.

பிழைப்புக்காக மலையிறங்கி, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியேறிய பிறகுதான் இன்னொன்றைப் பார்த்தேன். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் பத்ரகாளி ராம ராவண யுத்தத்தைப் பார்க்கவில்லையாம், அவளுக்காகவே கூத்து. ஒரு வருடம் நாங்கள் ஐந்து பேர் போனோம். 42 அடி நீளக் கூத்துமாடம். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு. மான்தோலில் வெட்டிய அனுமன் திரையில் நடுங்கி நின்றான். உள்ளேயிருந்து ஒரு குரல் கம்பனின் விருத்தத்தை எடுத்தது. வீட்டில் மலையாளம் பேசுகிற மனிதர். ழகரமும் றகரமும் கல்லில் வெட்டியது போல விழுந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மைதானத்தில் எங்களைத் தவிர, கடையைக் கட்டிக்கொண்டிருந்த கடலைக்காரர் ஒருவர்.

ஒரு மணிக்குப் பனி இறங்கியது. முதலில் ஒருவர் எழுந்தார், அப்புறம் எல்லோரும் எழுந்துவிட்டோம். சாலைக்கு வந்த பிறகும் உள்ளே பாட்டு நிற்கவில்லை. காலையில் கோயில் வாசலில் அந்தப் புலவரைப் பார்த்தோம். கண் சிவந்திருந்தது. எதுவரை இருந்தீர்கள் என்று ஆசையோடு கேட்டார். கடைசிவரை என்று சொன்னோம். திரைக்குப் பின்னால் இருக்கிறவருக்கு மைதானம் தெரியாது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தமிழ் வாசகர்கள் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் செய்ததில் இதைவிட வெட்கப்பட வேண்டியது வேறில்லை.

என் பிள்ளைகள் இருவரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்பத்தாவை நான் நிறுத்தியதைப் போலத்தான் அவர்களும் என்னை நிறுத்துகிறார்கள்.

சமீபத்தில் வசந்தகுமாரன் கதையை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படித்தேன். நல்ல நாவல். சுஜாதா தான் எழுத வந்ததை எழுதியிருக்கிறார். எங்கள் மலையை எழுதும் கடன் அவருடையது அல்ல. 2008 பிப்ரவரியில் அவர் காலமானார். அவருக்குச் சொல்ல வேண்டிய மன்னிப்பும் தாமதமாகிவிட்டது.

வருகிற தை, மாசியில் கூத்துமாடங்களில் விளக்கு ஏற்றுவார்கள். இந்தமுறை பாயும் கம்பளியும் எடுத்துக்கொண்டு போகிறோம், விடியும்வரை இருக்கப் போகிறோம். நீங்களும் வாருங்கள். அதற்கு முன்னால் ஒன்று. வட்டவடையிலோ வண்டிப்பெரியாற்றிலோ வேலந்தாவளத்திலோ மீனாட்சிபுரத்திலோ, உங்கள் வீட்டில் எண்பதைத் தொட்ட ஒருவர் இருந்தால், இன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு வையுங்கள். அவர் கதையை எடுத்தால் முடிகிறவரை வாய் திறக்காதீர்கள்.