வெந்நீர் ஊற்று யாருக்குச் சொந்தம்? ஜப்பான் மலைக்கிராமம் முதல் கன்னியா, குற்றாலம் வரை

குருவிகுளம் பக்கம் குளியல் என்றாலே குற்றாலம்தான். கரிசல் மண்ணும் காய்கிற வெயிலுமாக இருக்கும் இந்தப் பகுதியில், சாரல் தொடங்கியதும் வேன் பிடித்து சங்கரன்கோவில், தென்காசி வழியாகக் கிளம்பிவிடுவார்கள். இப்போது அதே ஊர்க்காரர்களின் போனில் வேறொரு குளியல் ஓடுகிறது. சுற்றிலும் பனி, நடுவில் ஆவி பறக்கும் குளம், கழுத்தளவு வெந்நீரில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். ஜப்பான் மலைக்கிராமங்களின் 'ஒன்சென்' அது.

ரீல்ஸ் பார்த்ததும் வரும் முதல் கேள்வி, 'நம்ம பக்கம் இது இல்லையா?' இருக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி இந்தியாவில் 381 வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. இலங்கையில் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த கன்னியா இருக்கிறது. அடுத்து வரும் கேள்விதான் கஷ்டமானது. இயற்கை சும்மா கொடுத்த இந்தத் தண்ணீரை யார் பார்த்துக்கொள்வது? இதற்குப் பதில் சொன்ன ஊர்களில் ஊற்று நிலைத்திருக்கிறது. சொல்லாத இடங்களில் வழக்கும் வம்பும்தான் மிச்சம். 2025 செப்டம்பரில் மத்திய அரசு தேசிய புவிவெப்ப ஆற்றல் கொள்கையை அறிவித்த பிறகு, இந்தக் கேள்வியின் அவசரம் கூடியிருக்கிறது.

தண்ணீர் எப்படிச் சூடாகுது?

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடும். பாறை வெடிப்புகள் வழியாக மழைநீர் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, வேறொரு வெடிப்பு வழியாக வேகமாக மேலே வந்தால் அதுதான் வெந்நீர் ஊற்று. மெதுவாக வந்தால் வழியிலேயே ஆறிவிடும்.

ஜப்பானுக்குக் கூடுதல் அதிர்ஷ்டம், எரிமலைகள். அங்கே செயல்பாட்டில் உள்ளவை என்று 111 எரிமலைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றின் அடியில் உள்ள பாறைக்குழம்பு, அதிக ஆழத்துக்குப் போகாத நீரையும் சூடாக்கிவிடும். இலங்கையில் எரிமலை கிடையாது. அங்குள்ள ஊற்றுகள் ஆழமான பாறைப் பிளவுகளின் தயவால் சூடானவை.

தமிழ்நாட்டில் பெயர் சொல்லும்படியான வெந்நீர் ஊற்றுத் தலம் இல்லை. பக்கத்தில் என்றால் கர்நாடகாவில் புத்தூர் அருகே பெந்த்ரு தீர்த்தம். வடக்கே இமாச்சலின் மணிகரண், மகாராஷ்டிராவின் வஜ்ரேஸ்வரி, பீகாரின் ராஜ்கிர், லடாக்கின் புகா என்று பட்டியல் நீளும். மணிகரண் குருத்வாராவில் லங்கர் சோற்றையே ஊற்று நீரின் சூட்டில்தான் வேகவைக்கிறார்கள்.

ஜப்பானில் எதுக்கு 'ஒன்சென்'னு பேர்?

சூடாக இருந்தால் மட்டும் ஒன்சென் ஆகிவிடாது. அதற்கென 1948-ல் ஒரு தனிச் சட்டமே போட்டார்கள். ஊற்றுக்கண்ணில் நீர் 25 டிகிரி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், சட்டம் குறிப்பிடும் 19 வேதிப்பொருள் வகைகளில் ஒன்றாவது உரிய அளவில் இருக்க வேண்டும். ஒன்சென் நீருக்காக நிலத்தைத் துளையிட மாகாண ஆளுநரின் அனுமதி தேவை. நம் நிலம்தானே என்று போர் போட முடியாது.

குளிக்க வருபவரிடம் உள்ளாட்சி அமைப்பு 'குளியல் வரி'யும் வாங்குகிறது. வழக்கமான அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 யென். ஊற்றைப் பாதுகாப்பது, சுகாதாரம், தீயணைப்பு வசதி, சுற்றுலா வளர்ச்சி ஆகியவற்றுக்குத்தான் இந்தப் பணத்தைச் செலவிட வேண்டும். சுமார் 27,000 ஊற்றுக்கண்கள் உள்ள நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

நொசாவா: ஊரே முறைவைத்துக் கழுவும் 13 குளியல் இல்லங்கள்

சட்டம் ஒரு பக்கம். நாகானோ மாகாணத்தின் நொசாவா ஒன்சென் கிராமத்தில் அதற்கும் முந்தைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஊருக்குள் மரத்தால் கட்டிய 13 பொதுக் குளியல் இல்லங்கள். உள்ளே போக டிக்கெட் இல்லை, வாசலில் ஓர் உண்டியல் மட்டும். வெளியூர்க்காரர்களும் குளிக்கலாம்.

இவற்றைப் பராமரிப்பது ஊழியர்களோ ஒப்பந்ததாரரோ கிடையாது. ஒவ்வொரு குளியல் இல்லத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வீடுகள் சேர்ந்த ஒரு குழு உண்டு. 'யு-நகாமா' என்று பெயர். வெந்நீர்க் கூட்டாளிகள் என்று சொல்லலாம். எடோ காலத்திலிருந்து தொடரும் வழக்கம். முறை வைத்துச் சுத்தம் செய்வது, செலவைப் பகிர்ந்துகொள்வது எல்லாம் இவர்கள்தான்.

கிராமத்தின் பெரிய ஊற்றான 'ஒகாமா'வில் நீர் 90 டிகிரி வரை கொதிக்கிறது. ஊர்மக்கள் அதில் கீரையும் முட்டையும் வேகவைக்கிறார்கள். பாதுகாப்பு கருதி சுற்றுலாப் பயணிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை, வெளியே நின்று பார்க்கலாம். நம்ம ஊர்க் குளத்துக்கு ஒரு காலத்தில் இருந்த குடிமராமத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் சட்டென்று புரியும். அனுபவிக்கிற உரிமையும் உழைக்கிற கடமையும் ஒரே கையில் இருக்கிறது.

கூட்டம் குவிந்தால் என்ன ஆகும்?

யமகதா மாகாணத்தின் கின்சான் ஒன்சென் இதற்கு உதாரணம். சின்ன ஓடை, இரு கரையிலும் பழைய மரவிடுதிகள், அந்தி விளக்குகள், பனி. போட்டோவுக்காகவே கூட்டம் குவிந்தது. குறுகலான தெருவில் நெரிசல், பார்க்கிங் தகராறு, பனியில் சிக்கிய கார்களால் அவசர வாகனங்களுக்கு இடைஞ்சல்.

2024-25 குளிர்காலத்தில் ஊர் ஒரு முடிவெடுத்தது. பகலில் வந்து போகிறவர்கள் காரைத் தள்ளி நிறுத்திவிட்டுப் பேருந்தில் வர வேண்டும். மாலையில் வர முன்பதிவு தேவை. இரவு 8 மணிக்கு மேல் விடுதியில் தங்குபவர்களுக்கு மட்டுமே அனுமதி. வருமானம் குறையலாம் என்று தெரிந்தும் ஊரே கதவைக் கொஞ்சம் சாத்தியது. இங்கே கவனிக்க வேண்டியது, சாத்தும் அதிகாரம் ஊரிடமே இருந்தது.

போகிறவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

* குளத்தில் இறங்கும் முன் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். குளம் ஊறுவதற்கு மட்டும்தான், அழுக்குத் தேய்க்க இல்லை.
* பெரும்பாலான இடங்களில் நீச்சலுடைக்குக்கூட அனுமதி இல்லை. ஆண்கள், பெண்கள் தனித்தனி. கூச்சமாக இருந்தால் குடும்பத்துக்கென வாடகைக்கு விடும் தனிக்குளியல் அறைகள் உண்டு.
* குளிக்கும் இடத்தில் போனை எடுக்கவே கூடாது. பச்சை குத்தியிருந்தால் சில இடங்களில் அனுமதி மறுக்கப்படும். முன்பே கேட்டுவிடுவது நல்லது.
* நீர் பல இடங்களில் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். மது குடித்துவிட்டு இறங்குவது ஆபத்து. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.
* எந்த நாட்டு வெந்நீர் ஊற்றிலும் தலையை முக்க வேண்டாம். மூக்குக்குள் நீர் போகக் கூடாது. மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளரக்கூடியது.

கன்னியா: ஏழு கிணறு, இரண்டு வரலாறு

இனி தமிழர்களின் வெந்நீர் ஊற்றுக்கு வரலாம். திருகோணமலை நகரிலிருந்து அனுராதபுரம் வீதியில் சில கிலோமீட்டர் போனால் கன்னியா. சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறுபடும். இங்கே ஒன்சென் மாதிரி இறங்கி ஊற முடியாது. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக இராவணன் நிலத்தில் குத்திய ஏழு இடங்களில் நீர் பீறிட்டது என்பது இந்துக்களின் நம்பிக்கை. அதனால் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகளை இங்கே செய்யும் வழக்கம் உண்டு. சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு குளியல் இடம். உள்ளூர்த் தமிழருக்கு இது அம்மா அப்பாவை வழியனுப்பிய இடம்.

இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தின் பார்வை வேறு. அனுராதபுர காலத்து பௌத்த மடாலயத்தின் எச்சங்கள் இங்கே இருப்பதாக அது சொல்கிறது. 2011-ல் இந்த இடம் தொல்லியல் பாதுகாப்புப் பகுதியானது. வளாகத்தில் இருந்த பிள்ளையார் கோயிலின் அடித்தளம் உள்ள இடத்தில் பௌத்தக் கட்டுமானம் எழப்போகிறது என்ற செய்தி 2019-ல் பரவ, அந்த ஆண்டு ஜூலையில் தமிழர்கள் திரண்டு போராடினார்கள். விஷயம் திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்குப் போனது. அதே மாதம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை வந்தது.

யாருடைய வரலாறு முந்தையது என்ற வாதத்தை ஒரு பக்கம் வைப்போம். நிர்வாகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் சிக்கல் எளிமையானது. தலைமுறை தலைமுறையாக ஊற்றைப் பயன்படுத்திய மக்களுக்கு, அது பற்றிய முடிவுகளில் இடம் இல்லை. அதனால் அவர்கள் பேச வேண்டிய இடம் கோர்ட்டாகிவிட்டது. நொசாவாவில் ஊற்றின் சாவி பக்கத்து வீட்டில். கன்னியாவில் அது தலைநகரத்தில்.

இந்தியாவில் இப்போ ஏன் இந்தப் பேச்சு?

புதிய கொள்கைதான் காரணம். நாட்டில் 10 புவிவெப்ப மண்டலங்கள் உள்ளன, சுமார் 10,600 மெகாவாட் மின்சாரம் எடுக்க வாய்ப்பு இருக்கிறது என்கிறது மத்திய அரசு. வெயில், காற்று போலன்றி புவிவெப்பம் 24 மணி நேரமும் கிடைக்கும். நிலக்கரியைக் குறைக்க நினைக்கும் நாட்டுக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் ஜப்பானையே பாருங்கள். அமெரிக்கா, இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகிலேயே மூன்றாவது பெரிய புவிவெப்ப வளம் அங்கே, சுமார் 23,000 மெகாவாட். இருந்தும் அந்நாட்டு மின்சாரத்தில் புவிவெப்பத்தின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. வளத்தின் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்குள் இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆழத்தில் துளையிட்டால் தங்கள் ஊற்று வற்றிவிடுமோ என்ற ஒன்சென் உரிமையாளர்களின் பயம். அவர்கள் சம்மதம் இல்லாமல் திட்டம் நகர்வது கஷ்டம்.

இந்தியாவில் ஊற்றுக்காரர்களின் குரல் அவ்வளவு வலுவாக இல்லை. இமாச்சலில் சட்லெஜ் ஆற்றங்கரையில் இருந்த தத்தாபானி ஊற்றுகள் கோல்டாம் அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போயின. லடாக்கின் புகாவில் 2021-ல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டு 1 மெகாவாட் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 2022-ல் துளையிட்டபோது பீறிட்டு வந்த திரவம் புகா ஓடையில் கலந்து, வேலை நின்றது. ஆடு மேய்ப்பவர்களும் பறவைகளும் நம்பியிருக்கும் பள்ளத்தாக்கு அது.

381 ஊற்றுகளில் பல, கோயில் தீர்த்தங்களாகவோ கிராமத்துக் குளியல் இடங்களாகவோ இருக்கின்றன. திட்டம் வரும்போது அந்த ஊர்களிடம் முதலில் கேட்கப்படுமா, கடைசியில் அறிவிக்கப்படுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குற்றாலத்துக்கும் இதே கேள்விதான்

தென்காசி மாவட்டத்தில் வெந்நீர் ஊற்று இல்லைதான். ஆனால் இயற்கைக் குளியலை யார் பார்த்துக்கொள்வது என்ற பிரச்சினை இங்கேயும் இருக்கிறது. அருவிக்குப் போகும் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பி, தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைத்த விவகாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. அருவியில் சோப்பு, ஷாம்பூ, எண்ணெய்க்குத் தடை வந்ததும் கோர்ட் வழியாகத்தான்.

2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் உயிரிழந்தார். மலைமேல் பெய்யும் மழையைக் கீழே நிற்பவர்களுக்கு முன்கூட்டியே யார் சொல்வது என்ற கேள்வி அன்று எல்லோர் வாயிலும் இருந்தது. அதைத் தொடர்ந்து அந்த அருவியை வனத்துறை கட்டுப்பாட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சு எழ, உள்ளூர் மக்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. காட்டைக் காக்க ஒருவர் வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரை நம்பித்தான் வயலும் கடையும் வீடும் ஓடுகின்றன.

ஜப்பானை அப்படியே காப்பியடிக்க முடியாது. சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வரும் கூட்டத்தை ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து சமாளிக்க முடியாது. எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று. குளிக்க வருபவரிடம் வாங்கும் பணம் அந்த நீரைக் காக்கவே செலவாக வேண்டும், கணக்கு வெளியே தெரிய வேண்டும். இடம் தாங்காதபோது கூட்டத்தை நிறுத்தும் அதிகாரம் பக்கத்திலேயே இருப்பவரிடம் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் மேசையில் உள்ளூர்க்காரருக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

அடுத்த சாரலுக்குக் குருவிகுளத்திலிருந்து கிளம்பும் வேனில் யாராவது ஜப்பான் ரீல்ஸ் காட்டினால், அந்த வீடியோவில் வராத ஒரு காட்சியையும் சேர்த்துச் சொல்லலாம்: குளத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர்.