அரியர் என்றால் அவமானமா?

"பரீட்சை எப்படி, கண்ணு?"

"நல்லா எழுதியிருக்கேனுங்க அப்பா."

சோமனூரில் தறி ஓட்டும் தந்தை கேட்கிறார். கோவையில் பொறியியல் பயிலும் மகன் தொலைபேசியிலே சொல்கிறான். சொன்னது பொய்! கணிதத்தில் ஒன்று, இயற்பியலில் ஒன்று, ஆக இரண்டு அரியர். இரவிலே உறக்கமில்லை. புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்பதில்லை. விடுதிச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறான். "எனக்குப் படிப்பு வராது" என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான்!

தோழர்களே! இப்படி எத்தனை வீட்டுப் பிள்ளைகள்!

தடாகம் சாலை அரசினர் கல்லூரி 1945இலே பிறந்தது, பீளமேட்டில் பூ.சா.கோ. 1951இலே எழுந்தது. (அந்த அரசினர் கல்லூரி எழத் துணைநின்ற ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா?) பட்டறையிலே மோட்டார் சுற்றியவனின் மகன் அங்கே மோட்டார் பற்றிப் படிக்க எத்தனை காலம் காத்திருந்தான்! 2007இல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2010இல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு. 2024 ஆகஸ்ட் 9ஆம் நாள் கோவையிலேயே தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலே மாதம் 1000 ரூபாய்.

கதவு திறந்தது, மெய்தான். உள்ளே நுழைந்தவனை எதிர்கொண்டது எது? ஆங்கிலம்!

வகையிடல், தொகையிடல் என்று தமிழிலே கற்றவன் அவன். இங்கே அதே கணக்கு வேறு பெயரில் ஓடுகிறது. பெயரைப் பிடிப்பதற்குள் பலகை அழிக்கப்படுகிறது. எழுந்து கேட்கக் கூடாதா என்பீர்கள். எந்த மொழியில் கேட்பான்? பின் இருக்கையில் சிரிப்பொலி எழுமே! கேளாமல் இருந்தான், பின்தங்கினான், பின்தங்கியதை மறைத்தான். மறைத்த பாரந்தான் அவனை அழுத்துகிறது. இதை மூளைக் குறை என்பவன் மூடன்!

தறிக்காரத் தோழரே! இழை அறுந்தால் தறியையா உடைத்துப் போடுகிறீர்? முடிச்சிட்டு ஓட்டுகிறீர் அல்லவா? அரியரும் அடுத்த பருவத்தில் எழுதக்கூடியதே. மகன் ஊருக்கு வந்தால் மதிப்பெண்ணைப் பிறகு கேளும். தூங்குகிறானா, எந்தப் பாடம் புரியவில்லை என்று முதலில் கேளும். மனம் மிகவும் சோர்ந்திருந்தால் 14416 என்ற எண்ணிலே தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மன்றத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருந்தாக வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. உங்கள் ஊர்க் கல்லூரியிலே அவர் யார்? எந்த அறையில் அமர்கிறார்? தமிழிலே பேசுவாரா? முதலாண்டு மாணவர்க்கு மாலையிலே தமிழில் விளக்கும் வகுப்பு உண்டா? நேரில் போய்க் கேளுங்கள். பதிலை எழுத்திலே வாங்குங்கள்.