பதினெண்கீழ் நொடி

ஒரு நொடியைப் பத்தாகக் கூறிட்டு, அக்கூற்றை மீண்டும் பத்தாக்கி, இவ்வாறே பதினெட்டு முறை செய்தால் எஞ்சும் துணுக்குக்கு அட்டோநொடி என்று பெயர். பேரண்டம் தோன்றியது முதல் இன்றுவரை கழிந்த நொடிகளினும், ஒரே நொடியில் அடங்கும் அட்டோநொடிகள் மிகுதி. ஒளியே அத்துணுக்கில் ஓரிரண்டு அணுக்களின் அகலந்தான் கடக்கும்!

இத்தகு நுண்பொழுதில் ஒளித்துடிப்புகளை உண்டாக்கி, எதிர்மின்னிகளின் இயக்கத்தை ஆராய வழிகண்டமைக்காக 2023ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசை ஆன் உலுயிலியே, பியேர் அகோசுதினி, பெரென்சு கிரவுசு ஆகிய மூவரும் பெற்றனர். செய்தி வந்த அன்று உலுயிலியே அம்மையார் சுவீடனின் இலுண்டுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்; செய்தி கேட்டபின்னும் திரும்பிச் சென்று பாடத்தை முடித்தே வந்தார். ஆசிரியர் என்பார் அவர்!

யாழ் நரம்பை மீட்டினால் அடியொலியோடு அதன் மடங்குகளான மேலொலிகளும் உடன்பிறக்கும். இலேசர் எனப்படும் சீரொளியிலும் அஃதே நிகழக் காணலாம். 1987இல் பிரெஞ்சு நாட்டில் உலுயிலியேவும் உடனாய்வாளரும் அகச்சிவப்புச் சீரொளியை வினையா வளியினூடே செலுத்தியபோது, அவ்வொளியின் பன்மடங்கு அலைவுடைய மேலொளிகள் வரிசையாக எழுந்தன. அவை ஒத்திசைந்து கூடுமிடத்தில் மிகக் குறுகிய துடிப்புகள் பிறக்கும். 2001இல் அகோசுதினி குழுவினர் 250 அட்டோநொடித் துடிப்புகளின் தொடரையும், வியன்னாவில் கிரவுசு குழுவினர் 650 அட்டோநொடித் தனித்துடிப்பையும் அளந்து காட்டினர். 2010இல், நியான் அணுவின் இருவேறு நிலைகளிலிருந்து வெளிப்படும் எதிர்மின்னிகளிடையே 21 அட்டோநொடி வேறுபாடு கண்டனர். ஒளி பட்டதும் எதிர்மின்னி நொடியும் தாழாது வெளிப்படும் என்ற பழைய கருத்து அன்றே ஆட்டங்கண்டது.

குருதிநீரில் அகச்சிவப்பொளித் துடிப்பைப் பாய்ச்சி, அதிலுள்ள மூலக்கூறுகள் திருப்பியனுப்பும் ஒளியைக் கொண்டு புற்றுநோயை முளையிலேயே அறியும் முயற்சியில் கிரவுசு குழுவினர் ஈடுபட்டுள்ளனர். அஃது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

இனி அப்பெயருக்கு வருவோம். அட்டோ என்பது கிரேக்கமுமன்று, இலத்தீனமுமன்று. தேனிய மொழியில் பதினெட்டைக் குறிக்கும் ‘அட்டன்’ என்னும் எளிய எண்ணுப்பெயரே 1964இல் உலக அளவைச் சொல்லாயிற்று. 1620இல் நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே தேனியர் மொழிதான்! இன்றும் அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 60 இலக்கம் பேரே. பதினெண்கீழ்க்கணக்கு படித்த நமக்குப் ‘பதினெண்கீழ் நொடி’ என்பது விளங்காச் சொல்லா?

முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/1,02,400 என எண்ணிய இனம் நாம் என்று மேடையில் மார்தட்டுவோர் உளர். எண்ணியது மெய்யே. ஆனால் அம்மார்தட்டலால் தமிழில் ஓர் இயற்பியல் நூலும் பிறந்துவிடாது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்ற மாணவன் கல்லூரி வாயிலில் அறிவு மயங்கி நிற்கும் கொடுமையும் தீராது.

இத்துறையை நன்குணர்ந்த தமிழ் இயற்பியலாளரை வேண்டுகிறோம்: ஆங்கிலத்தில் எழுதுவதை விடச் சொல்லவில்லை, எழுதியதன் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கமேனும் தருக. நம் இதழில் அதற்கு என்றும் இடமுண்டு.