இருபது ஆண்டுகள் காத்திருக்கும் முட்டைகள்: விதைக்கிழங்குத் தடை மட்டும் போதுமா?

இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீர் மலைப்பகுதிகளிலிருந்து விதை உருளைக்கிழங்கை வெளியே அனுப்ப 2018-ஆம் ஆண்டில் மத்திய வேளாண் அமைச்சகம் தடை விதித்தது. சிம்லாவில் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் குஃப்ரி, ஃபாகு பண்ணைகளும் இதற்குத் தப்பவில்லை. குண்டூசித் தலையைவிடச் சிறிய முட்டைக்கூடுகளே இத்தனைக்கும் காரணம். அவற்றை மண்ணில் விட்டுச் செல்வது உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாயகமாகக் கொண்ட இந்நூற்புழு, இந்தியாவில் முதன்முதலாக 1961-இல் உதகமண்டலத்தில் கண்டறியப்பட்டது. மஞ்சள், வெள்ளை என இரு இனங்கள் இதில் உண்டு. நீலகிரியில் இரண்டுமே காணப்படுகின்றன.

இதன் வாழ்க்கைச் சுழற்சியை அறிந்தால்தான் சிக்கலின் ஆழம் புரியும். ஒரு கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். உருளைக்கிழங்கின் வேர்கள் மண்ணில் கசியவிடும் வேதிப்பொருள்களே அவற்றைத் தட்டி எழுப்புகின்றன. வெளிவரும் இளம்புழுக்கள் வேருக்குள் புகுந்து, அங்குள்ள செல்களைத் தமக்கு உணவூட்டும் திசுவாக மாற்றிக்கொள்கின்றன. முதிர்ந்த ஆண்புழு வேரைவிட்டு வெளியேறுகிறது. பெண்புழுவோ உருண்டையாகப் பருத்து, வேரின் தோலைப் பிளந்துகொண்டு வெளியே தெரிகிறது. முட்டைகளைத் தன் உடலுக்குள்ளேயே தாங்கி அது இறந்த பின், தடித்துப் பழுப்பேறிய அதன் தோலே முட்டைகளுக்குக் கவசமாகிறது. உருளைக்கிழங்கு பயிரிடப்படாவிட்டாலும் அக்கூட்டிலுள்ள முட்டைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிர்ப்புடன் இருக்க வல்லவை.

நூற்புழு தானாக நெடுந்தொலைவு நகர்வதில்லை. விதைக்கிழங்கில் ஒட்டிய மண், சாக்குப்பை, மண்வெட்டி, மழைநீர் ஆகியவையே அதைச் சுமந்து செல்கின்றன. எனவே விதைப் போக்குவரத்தைத் தடுப்பது இன்றியமையாதது. ஆனால் தடை என்பது பரவலை மட்டுமே நிறுத்தும். வயலில் ஏற்கெனவே படிந்துள்ள கூடுகளை அகற்றாது.

இதில் ஒரு முரணும் உள்ளது. வைரஸ் நோய்களைப் பரப்பும் அசுவினிகள் குளிர்ந்த மலைகளில் குறைவு என்பதால்தான் அங்கு விதைக்கிழங்கு உற்பத்தி வேரூன்றியது. அதே குளிர்ச்சி இந்நூற்புழுவுக்கும் உகந்தது. இதனால் விதை விற்றுப் பிழைத்த மலை விவசாயிகள், சந்தையை இழந்ததுடன் நோயுற்ற நிலத்தையும் சுமக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

தீர்வுக்கான வழிகள் இல்லாமல் இல்லை. முட்டைக்கோஸ், கேரட், பூண்டு போன்றவற்றைச் சுழற்சி முறையில் பயிரிட்டால் முட்டைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையும். நீலகிரிக்காக 1985-இல் வெளியிடப்பட்ட குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத்திறன் மிக்க இரகங்களில், வேருக்குள் நுழையும் புழுக்களில் பெரும்பாலானவற்றால் பெண்புழுவாக வளர முடிவதில்லை. ஆயினும் ஒரே வகை எதிர்ப்புத்திறனை மட்டும் நம்பக் கூடாது. மஞ்சள் இனத்தை மட்டும் தடுக்கும் இரகங்களைத் தொடர்ந்து பயிரிட்ட பிரிட்டனில், வெள்ளை இனம் பெருகியது ஒரு பாடம்.

சிக்கல் அறிவியலில் இல்லை, கால அளவில் இருக்கிறது. பயிர்க்கடனும் மானியமும் பருவக் கணக்கில் வழங்கப்படுகின்றன. நூற்புழுவின் கணக்கோ பதின்ஆண்டுகளில் ஓடுகிறது. அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியிடம் பல ஆண்டுகளுக்கு உருளைக்கிழங்கைக் கைவிடுமாறு கூறினால், அந்த இழப்பை யார் ஈடுசெய்வது என்பதற்கும் விடை கூற வேண்டும். வயல்தோறும் மண் பரிசோதனை, மாற்றுப் பயிருக்கு உறுதியான கொள்முதல், எதிர்ப்பு இரக விதைகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மட்டுமே தடை உத்தரவு பலன் தரும். இல்லையெனில், தடை தளர்த்தப்பட்டு மீண்டும் கிழங்கு ஊன்றப்படும் நாளுக்காக அந்தக் கூடுகள் மண்ணில் காத்திருக்கும்.