கல்லீரல் மேல் பழி போடாதீர்கள்

பீரியட்ஸுக்கு முந்தைய வாரத்தில் வரும் எரிச்சல், அழுகை, மார்பு வலி, வயிற்று உப்புசம் எல்லாவற்றையும் சீன மருத்துவம் 2000 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது என்று ஒரு செய்தி ரீல்ஸில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னணியில் மூங்கில் புல்லாங்குழல். ஒரு பெண் பீங்கான் கோப்பையில் ஏதோ ஊற்றுகிறாள். உன் கோபம் உன்னுடையது இல்லை, உன் கல்லீரலில் ச்சி தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான், என்கிறது எழுத்து. (சீன உச்சரிப்புக்குக் கிட்ட வர 'சீ' என்று எழுதலாம். தமிழில் அது வேறு அர்த்தம் கொடுத்துவிடும். ஆகவே ச்சி.)

இதில் முதல் பாதி பொய். இரண்டாவது பாதி பொய்யைவிட மோசம்.

முதலில் அந்தக் கோட்பாட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். சீன மருத்துவம் சொல்லும் கல்லீரல், ஸ்கேனில் தெரியும் உறுப்பு மட்டும் இல்லை. அது ரத்தத்தைச் சேமிக்கிறது, உடம்பெங்கும் ச்சி தடையில்லாமல் ஓடப் பார்த்துக்கொள்கிறது. 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' கல்லீரலைப் படைத்தளபதி என்கிறது. திட்டமிடுவது அதன் வேலை, கோபம் அதன் உணர்ச்சி. கோபம் வந்தால் ச்சி மேலே ஏறும். சீன மொழியில் 'கோபப்படு' என்பதற்கான சொல்லே 'ஷெங் ச்சி'தான், ச்சியைப் பிறப்பிப்பது. எரிந்து விழுகிறவனுக்குக் கல்லீரலில் நெருப்பு என்று சாதாரணப் பேச்சிலேயே சொல்வார்கள். ஓட்டம் தடைபட்டால் விலாவிலும் மார்பிலும் வீக்கம், தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு, பெருமூச்சு, எரிச்சல். மாதவிடாய்க்கு முன் ரத்தம் கர்ப்பப்பைப் பக்கம் திரளும்போது கல்லீரலில் ரத்தம் குறைந்து இந்தத் தேக்கம் கூடும் என்பது இன்றைய பாடப்புத்தக விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. அந்த ஒரு வாரம் எனக்கும் உண்டு. 'தேக்கம்' என்ற சொல் அதை 'மூட் ஸ்விங்'கைவிடச் சரியாகப் பிடிக்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் 2000 வருஷமா? அந்த உள்நூலின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். மாதவிடாய் எப்படி வருகிறது என்று விளக்கும்போது அது முதலில் பேசுவது சிறுநீரகத்தை. ஏழு ஏழு வருடமாகப் பெண்ணின் வாழ்க்கையைப் பிரித்து, 14 வயதில் பூப்பு என்கிறது. கல்லீரல் ஓட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு என்று எழுதியவர் 14ஆம் நூற்றாண்டின் சூ தான்ஷி. பெண்களுக்குக் கல்லீரலே ஆதாரம் என்ற வாக்கு யே தியன்ஷி பெயரில் வழங்குகிறது. அவர் இறந்தது 1746இல். பழைய பெண்மருத்துவ நூல்களில் மாதவிடாயை ஒட்டிய தலைவலி, காய்ச்சல், மார்பு வலி எல்லாம் தனித்தனியாக உண்டு. அவற்றை ஒரே நோயாகக் கட்டியது அவர்கள் இல்லை.

கட்டியவர் நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க். 1931இல் 'மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம்' என்று பெயர் வைத்தார். 1953இல் லண்டனில் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் அதை 'சிண்ட்ரோம்' ஆக்கினார்கள். இன்று சீன மொழியில் இதற்கு வழங்கும் மருத்துவப் பெயர் இந்த ஆங்கிலப் பெயரின் நேரடி மொழிபெயர்ப்பு. 1950களிலிருந்து மக்கள் சீனம் மருத்துவக் கல்லூரிகள் தொடங்கி, ஆளுக்கொரு வழியாக இருந்த மருத்துவத்தை ஒரே பாடத்திட்டமாக அடுக்கியபோது, பழைய சரக்கு புதிய அலமாரிக்குள் போனது. அதில் தப்பே இல்லை. எல்லா மருத்துவமும் அப்படித்தான் வளரும். புது அலமாரியைக் காட்டி 'பாத்தியா, பாட்டன் காலத்துது' என்று விற்பதுதான் எரிச்சல்.

இனி இரண்டாவது பாதி.

இந்தப் பிரச்சினைக்கு அதிகம் பேசப்படும் மருந்து 'ஸியாவ் யாவ் சான்'. சோங் அரசாங்கத்தின் மருந்தகம் தொகுத்த நூலிலேயே இருக்கிறது. சாய்ஹு வேர், தாங்குவெய், வெள்ளைப் பியோனி வேர், இன்னும் சில, அதிமதுரம், சுட்ட இஞ்சி, கொஞ்சம் புதினா. பெயரின் பொருள், கவலையின்றித் திரிதல். சுவாங் சு நூலின் முதல் அத்தியாயத் தலைப்பில் வரும் அதே சொல். அங்கே ஒரு பிரம்மாண்டப் பறவை வானத்தை அளந்து பறக்கும். அந்தப் பெயரை வைத்த பொடியை யாருக்குக் கொடுத்தார்கள்? வீட்டின் உள்கட்டைத் தாண்டக் கூடாத பெண்களுக்கு. பாதம் கட்டும் வழக்கம் வசதியான குடும்பங்களில் பரவியதும் இதே சோங் காலத்தில் தொடங்கித்தான். கால் நடக்காது, பொடி திரியும்!

இது எதேச்சை என்று யாராவது சொன்னால், ஃபூ சிங்ஜு பெயரில் வழங்கும் பெண்மருத்துவ நூலைக் காட்டுவேன். அவர் 17ஆம் நூற்றாண்டு அறிஞர், மிங் வம்சத்துக்கு விசுவாசமானவர், பெரிய கையெழுத்துக் கலைஞர். நூல் அச்சேறியது 19ஆம் நூற்றாண்டில். அவர்தான் எழுதினாரா என்பதில் சண்டை உண்டு. அதில் குழந்தையின்மை பற்றிய பகுதியில் ஒரு தலைப்பு 'பொறாமையால் குழந்தையின்மை'. பொறாமைப்படும் மனைவிக்குக் குழந்தை இல்லை. வானம் அவளை வெறுக்கிறது என்று ஊர் சொல்கிறது. இல்லை, கல்லீரல் ச்சி முடிச்சுப் போட்டிருக்கிறது என்கிறார் மருத்துவர். மருந்தின் பெயர் 'முடிச்சவிழ்த்து மாணிக்கம் நடும் கஷாயம்' என்ற மாதிரி வரும். பாவத்திலிருந்து நோய்க்கு மாற்றினாரே, அது ஒரு கருணைதான். ஆனால் மனைவியும் துணைவியரும் ஒரே கூரைக்குள் இருந்த வீடுகளின் காலம் அது. ஒருத்திக்கு ஏன் பொறாமை வருகிறது என்று கேட்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. ஏழு சரக்கு சேர்ந்த கஷாயம். ஏழும் அவளுக்கு. வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்பூன்கூட இல்லை.

அவருக்கு ஆயிரம் வருஷம் முன்பே சுன் சுமியாவ் எழுதிவிட்டார்: பெண்களுக்கு உணர்ச்சியும் ஆசையும் அதிகம், அதனால் அவர்களைக் குணப்படுத்துவது பத்து மடங்கு கடினம் என்று. இதைப் பெண்களைப் புரிந்துகொண்ட மரபு என்று கொண்டாடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார்கள்.

உடனே சந்தோஷப்படாதீர்கள், 'சயின்ஸ்' கட்சிக்காரர்களே. 2000இல் எலி லில்லி கம்பெனி என்ன செய்தது? புரோசாக் மாத்திரையின் காப்புரிமை முடியப்போகும் நேரத்தில், அதே ஃப்ளூவாக்ஸெட்டினை இளஞ்சிவப்பும் லாவண்டரும் கலந்த கேப்ஸூலில் போட்டு, சாரஃபெம் என்று பெயர் வைத்து, மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனச்சோர்வுக்கு என்று விற்றது. மருந்து வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு எதற்கு பிங்க்? ஆபீசில் சம்பளப் பாக்கியைப் பற்றிக் குரல் உயர்த்தினால் 'என்னம்மா, அந்த நேரமா?' என்று சிரிக்கும் அண்ணனுக்கு சீனக் கல்லீரலும் தெரியாது, புரோஜெஸ்டிரானும் தெரியாது. ஆனால் இரண்டு கட்சியும் சேர்ந்து அவர் கையில் கொடுத்திருப்பது ஒரே ஆயுதம்: இவள் சொல்வதைக் கேட்க வேண்டாம், தேதியைப் பார்த்தால் போதும்.

'ஆனா எனக்கு வேலை செஞ்சுதே' என்பீர்கள். செய்திருக்கலாம். 2009இல் காக்ரேன் அமைப்பு இதற்கான சீன மூலிகைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தேடியபோது தரத்தில் தேறியவை இரண்டே இரண்டு. பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. பலன் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை, இன்னும் யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். மூலிகைதானே, என்ன ஆகிவிடும் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். இதே சாய்ஹுவை முதல் சரக்காகக் கொண்ட வேறொரு கூட்டு மருந்து ஜப்பானில் கல்லீரல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு, சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து இறந்தார்கள். 1996இல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விட்டது.

எனக்கு அந்தத் தேக்கம் என்ற உருவகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. தேக்கம் என்றால் எங்கோ ஒரு அணை இருக்க வேண்டும். மூன்று வாரம் விழுங்கியது நாலாவது வாரம் வாய்க்கு வருகிறது. ஹார்மோன் அந்த வாரம் என் பொறுமையைக் குறைக்கிறது, சரி. அதற்காகப் பாத்திரம் தேய்த்தது யார் என்ற கணக்கை அதுவா எழுதியது? இருபதாம் தேதி நியாயமாக இருந்த புகார், இருபத்தாறாம் தேதி எப்படி அறிகுறி ஆகும்?

சிலருக்கு இது நிஜமாகவே தாங்க முடியாத அளவு போகும், செத்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு. அவர்கள் புல்லாங்குழல் ரீலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போகட்டும். இரண்டு சுழற்சிக்கு தினமும் என்ன நடந்தது, எப்படி இருந்தது என்று குறித்துக்கொண்டே வந்தால் நோயை உறுதிசெய்ய அவருக்கு அது தேவைப்படும். அந்தக் குறிப்பில் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். டாக்டர் கேட்க மாட்டார், இருந்தாலும் எழுதுங்கள்.